மரபு வில் பழகும்போது மனதை நிறுத்துவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு செய்முறை

வில்வித்தை என்றதும் எல்லோரும் எடுத்துவிடும் கதை அர்ஜுனனுடையது. மரம் தெரியவில்லை, கிளை தெரியவில்லை, பறவையின் கண் மட்டும்தான் தெரிகிறது என்றானாம். நல்ல கதைதான். ஆனால் புதிதாக வில் எடுப்பவர்களை அது கொஞ்சம் கெடுத்து வைத்திருக்கிறது என்பது என் எண்ணம். கண்ணை இடுக்கி, பல்லைக் கடித்து, பயிற்சி நேரம் முழுக்க மனதை இழுத்துப் பிடிப்பதுதான் கவனம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அரை மணி நேரத்தில் தலை வலிக்கிறது, அம்பு சிதறுகிறது, "எனக்கு மனசு நிற்காதுங்க" என்று வில்லைச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள்.

ஓர் அம்பை நாணில் மாட்டி, இழுத்து, விட்டு முடிக்கப் பத்துப் பதினைந்து வினாடி போதும். ஒலிம்பிக்கில் ரீகர்வ் (நுனிகள் முன்பக்கமாக வளைந்த வில்) வில்லாளிகள் ஒருவரோடு ஒருவர் மோதும் சுற்றில் ஓர் அம்புக்கு 20 வினாடிதான் தருகிறார்கள். உலகத் தரத்திலேயே ஒரே மூச்சில் அதற்கு மேல் கவனம் கேட்பதில்லை. அந்தச் சில வினாடிகளுக்கு மனதை வரவழைப்பது, முடிந்ததும் அவிழ்த்து விடுவது. இந்த இரண்டையும் பழகினால் போதும்.

கீழே சொல்வது சைட் (குறி பார்க்க உதவும் கருவி), ஸ்டெபிலைசர் (வில் ஆடாமல் இருக்க மாட்டும் தண்டு) எதுவும் இல்லாத மர வில், மூங்கில் வில் வைத்திருப்பவர்களுக்கு. நாணேற்றுவது, அம்பு மாட்டுவது, பாதுகாப்பு விதிகள் ஆகியவற்றை ஏற்கெனவே ஒருவரிடம் நேரில் கற்றிருக்க வேண்டும். அதைப் படித்துக் கற்க முடியாது.

படி 1: இடமும் நேரமும்

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே அல்ல. வில்லாளிக்கு அது வேறு வகையில் தொல்லை தரும். உள்ளங்கை வியர்த்தால் பிடி நழுவும். நழுவுமோ என்ற பயத்தில் இறுக்கிப் பிடிப்பீர்கள். இறுக்கினால் அம்பு விடும்போது வில் திருகிக்கொள்ளும், அம்பு பக்கவாட்டில் போகும். மனசு சரியில்லை என்று நீங்கள் நினைப்பது பல நாள் வெறும் வியர்வைதான். காலை 6 மணிக்குத் தொடங்கி 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். இடுப்பில் ஒரு துண்டு இருக்கட்டும். வெறும் வயிற்றில் போகாதீர்கள். ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழோ மோரோ குடித்துவிட்டுப் போனால் கை நடுங்காது. ஆடி மாதத்தில் காற்று எழும்புவதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

இடம் இன்னும் முக்கியம். குறிக்குப் பின்னால் யாராவது வந்துவிடுவார்களோ என்ற சந்தேகம் இருக்கும் வரை எந்த மூச்சுப் பயிற்சியும் வேலை செய்யாது. மனசில் பாதி அந்தப் பக்கம்தான் நிற்கும், நிற்கவும் வேண்டும். ஏரிக்கரை மேடு பார்க்க அருமையான தடுப்பாகத் தோன்றும், ஆனால் அதன் மேல்தான் ஊரே நடக்கிறது. பாலாற்று மணல் காலியாகக் கிடக்கும், அதிலும் மாடு ஓட்டுகிறவர், குறுக்கே போகிறவர் என்று ஆள் நடமாட்டம் உண்டு. உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு ஒரு மாந்தோப்பின் மூலையில், உயரமான மதிலையோ மண்மேட்டையோ பின்னால் வைத்துப் பழகுங்கள். மதில் என்றால் அதன் முன்னே பழைய ஜமக்காளத்தைத் தொங்கவிட்டால் தவறிய அம்பு உடையாது. குறிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். கோணிப்பையில் பழந்துணியை அழுத்தி அடைத்துத் தைத்தால் மாதக்கணக்கில் தாங்கும்.

படி 2: வில்லின் இழுவிசையைக் குறையுங்கள்

தொடக்கத்தில் பெரியவர்களுக்கு 20 முதல் 25 பவுண்டு இழுவிசை, அதாவது நாணை இழுக்கத் தேவைப்படும் பலம், போதும். பல வில்களில் எழுதியிருக்கும் பவுண்டு, நாணை 28 அங்குலம் இழுத்தால் வரும் அளவு. உங்கள் கை நீளத்துக்கு அது கூடும், குறையும். முழுதாக இழுத்து ஐந்து வினாடி தோள் நடுங்காமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் உடம்பு வலியைத்தான் கவனிக்கும், குறியை அல்ல. 40 பவுண்டு வில்லை வைத்துக்கொண்டு போட்டோ எடுக்கலாம், பழக முடியாது.

படி 3: குறியே இல்லாமல் தொடங்குங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். சாக்கிலிருந்து மூன்று, நான்கு மீட்டரில் நில்லுங்கள். அதில் வட்டமோ புள்ளியோ ஒட்டாதீர்கள். வெறும் சாக்கு. அவ்வளவு கிட்டத்தில் அம்பு தவறாது, படுகிறதா என்ற கவலை மனதை விட்டுப் போய்விடும். அந்த இடத்தில் ஒரே ஒரு வேலையைக் கொடுங்கள்: இன்றைக்கு நாண் இழுக்கும் கை மட்டும். விரல் ஒவ்வொரு முறையும் வாயோரத்தில் அதே இடத்தில் வந்து தொடுகிறதா, அம்பை விடும்போது விரல்கள் தளர்கின்றனவா, பிடுங்குகின்றனவா? நாளைக்கு வில் பிடிக்கும் தோள். அதற்கடுத்த நாள் கால் பாதம்.

ஒரே நேரத்தில் நான்கைக் கவனிக்கச் சொன்னால் மனம் நான்கையும் விட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டை நினைக்கும். ஒன்றைக் கொடுத்தால் உட்கார்ந்து செய்யும். முதல் ஓரிரு வாரம் இது மட்டும் போதும். அலுப்பாகத்தான் இருக்கும். அப்புறமும் வாரத்தில் ஒரு நாளாவது வெறும் சாக்குக்குத் திரும்பி வாருங்கள்.

படி 4: ஏழு சொல்

ஒவ்வோர் அம்புக்கும் அதே வரிசை, அதே சொற்கள். நான் சொல்லிக்கொடுப்பது இவை: கால், பிடி, இழு, தாடை, பார், விடு, நில்.

மனதுக்குள் சொன்னால் போதும். முதல் நான்கும் உடம்புக்கான கட்டளைகள். கால் ஊன்றியாயிற்று, பிடி தளர்வாக இருக்கிறது, கையால் இழுக்காமல் முதுகால் இழுக்கிறோம், கை தாடையில் வந்து நிற்கிறது. இதுவரை யாருக்கும் சிரமம் இல்லை.

சிக்கல் தாடைக்கும் விடுவதற்கும் நடுவே இருக்கிறது. அங்கே இரண்டு மூன்று வினாடி வெறுமையாக இருக்கும், அந்தச் சந்தில்தான் எல்லா நினைப்பும் நுழையும். போன அம்பு மேலே போனது, இதுவும் போகுமோ? பக்கத்தில் நிற்பவர் பார்க்கிறாரே? அதனால் அந்த இடைவெளியில் கண்ணுக்கு ஒரு வேலை வேண்டும். வெறும் சாக்கோடு பழகிய அந்த ஓரிரு வாரம் முடிந்து, வட்டம் வரைந்த பேப்பரைச் சாக்கில் ஒட்டிய பிறகும், வட்டத்தை முழுதாகப் பார்க்காதீர்கள். அதில் ஏற்கெனவே விழுந்த ஓர் ஓட்டையின் விளிம்பு, ஒரு மடிப்பு, ஒரு கறை என்று கடுகளவு இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கனடாவில் கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜோன் விக்கர்ஸ் விளையாட்டு வீரர்களின் கண் அசைவை அளந்து, தேர்ந்தவர்களின் கடைசிப் பார்வை புதியவர்களைவிட நீண்ட நேரம் ஒரே இடத்தில் நிற்கிறது என்று காட்டினார். அதற்கு 'குவையட் ஐ' (அமைதியான கண்) என்று பெயரும் வைத்தார். கண் அலைந்தால் மனமும் அலையும் என்று நம் பாட்டிமார்களும் சொல்லியிருப்பார்கள், அளவெடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சைட் இல்லாத வில்லில் குறி பார்க்க இரண்டு வழி உண்டு. குறியை மட்டும் பார்த்துக் கையை நம்பி விடுவது ஒன்று. அம்பு முனைக்கும் குறிக்கும் உள்ள இடைவெளியைக் கணக்குப் போட்டு விடுவது இன்னொன்று. இரண்டுமே நல்லவை. ஆனால் பாதி இழுக்கும்போது ஒன்று, விடும்போது மற்றொன்று என்று மாறினால் மனம் நிச்சயம் உடையும். ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சில மாதம் அதிலேயே இருங்கள்.

கடைசிச் சொல் 'நில்'. அம்பு சாக்கில் படும் சத்தம் கேட்கும் வரை வில் கை இறங்கக் கூடாது, கண் அந்தப் புள்ளியை விடக் கூடாது. எங்கே போனது என்று எட்டிப் பார்க்கும் ஆசைதான் அம்பு விடும் கையை முன்கூட்டியே கெடுக்கிறது.

படி 5: மூச்சு

இதை ரொம்பப் பெரிதாக்க வேண்டாம். இழுக்கும்போது உள்ளே வாங்குங்கள், தாடைக்கு வந்ததும் கொஞ்சம் வெளியே விட்டு அப்படியே நிறுத்துங்கள், அம்பு போனதும் மீதியை விடுங்கள். நெஞ்சு படபடக்கிற நாளில் அம்பு எடுப்பதற்கு முன் இரண்டு நீளமான மூச்சு விட்டால் சரியாகும்.

படி 6: இறக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இழுத்த அம்பை விடாமல் திரும்ப இறக்குவது. இதைத் தோல்வி என்று நினைப்பவர்கள்தான் அதிகம். என் கணக்கில் புதியவருக்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை. இழுத்தாயிற்று, ஏதோ சரியில்லை, மனம் எங்கோ போய்விட்டது. ஆனாலும் இழுத்த பாவத்துக்கு விட்டுவிடுவோம் என்று விடுகிறோம். இப்படித் தொடர்ந்து விட்டால், கை தாடைக்கு வருவதற்கு முன்பே விரல் தானாக விடத் தொடங்கும். வில்லாளிகள் இதை 'டார்கெட் பேனிக்' என்பார்கள். சிலருக்கு நேரெதிராக, குறிக்குக் கீழே வில் உறைந்துபோய் மேலே ஏறவே ஏறாது. வந்துவிட்டால் போக்குவது பெரும்பாடு, வராமல் பார்த்துக்கொள்வது சுலபம்.

ஒவ்வொரு மூன்று அம்புக்கும் ஒரு முறை, விடக் கூடாது என்று முன்பே முடிவு செய்துகொண்டு முழுதாக இழுங்கள். கண்ணைப் புள்ளியில் வையுங்கள், இரண்டு வினாடி நில்லுங்கள், அம்பு முனை சாக்கை நோக்கியே இருக்க மெதுவாக இறக்குங்கள். விடுவதும் விடாததும் தன் கையில்தான் இருக்கிறது என்று மனம் இதில்தான் தெரிந்துகொள்ளும். இரண்டு எச்சரிக்கை: அம்பில்லாமல் நாணை இழுத்து விடாதீர்கள், மர வில் அதிலேயே உடையக்கூடும். முழு இழுப்பில் ரொம்ப நேரம் நிற்கவும் வேண்டாம், மரம் வளைந்தே பழகிவிடும்.

படி 7: அம்புக்கும் அம்புக்கும் நடுவே

ஒரு சுற்றுக்கு மூன்று அம்பு போதும். விட்டு முடித்ததும் பேசலாம், தண்ணீர் குடிக்கலாம், சுற்றிலும் நிற்கும் மலைகளைப் பார்க்கலாம். வேலூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை கண்ணில் படும், சிலவற்றின் மேல் இடிந்த கோட்டைச் சுவரும் தெரியும். தூரத்தைப் பார்த்தால் கிட்டத்தில் குவிந்திருந்த கண் தளரும். அம்புகளைப் பிடுங்கப் போகும்போது மட்டும் ஒரு கேள்வி: ஏழு சொல்லில் எது விட்டுப் போனது? பதில் கிடைத்தால் அடுத்த சுற்றுக்கு அதுதான் வேலை. கிடைக்கவில்லை என்றால் தோண்ட வேண்டாம்.

படி 8: சத்தம்

அமைதியான இடம் கிடைத்தால்தான் பழகுவேன் என்றால் இந்த ஊரில் நடக்காது. ஆடிக் கிருத்திகை வந்தால் வள்ளிமலை, இரத்தினகிரி பக்கமெல்லாம் மைக் செட் விடியற்காலையிலேயே பாடத் தொடங்கிவிடும். தொடர்ந்து வரும் சத்தம் உண்மையில் தொந்தரவு இல்லை, கொஞ்ச நேரத்தில் காது அதை ஒதுக்கிவிடும். திடீர்ச் சத்தம்தான் கெடுக்கும்: பட்டாசு, ஹாரன், "அண்ணா, நான் ஒரு தடவை விடட்டுமா?" என்று பின்னால் வந்து நிற்கும் பையன். அதற்கெல்லாம் ஒரே பதில் ஆறாம் படி. இறக்குங்கள், திரும்பிப் பாருங்கள், பேசி முடித்துவிட்டு 'கால்' என்று முதலிலிருந்து தொடங்குங்கள். போனைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள், மரத்தடியில் பைக்குள் இருக்கட்டும்.

செங்கம் பகுதி 1989 வரை நம் வடாற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கே கிடைத்த நடுகற்களில் கையில் வில்லோடு நிற்கும் வீரர்களைப் பார்க்கலாம், சிலர் உடம்பில் அம்பு தைத்திருக்கும். தொறு, அதாவது கவர்ந்து போன மாட்டு மந்தையை, மீட்கப் போய் இறந்தவர்கள் அவர்களில் பலர். மாட்டு மந்தை மிரண்டு ஓடும் புழுதியிலும் கூச்சலிலும் அம்பு விட்டிருப்பார்கள். நமக்கு ஒரு ஸ்பீக்கர் பாட்டு பெரிய விஷயமா?

படி 9: எப்போது நிறுத்துவது

8 மணி வரை விட்டே ஆக வேண்டும் என்று நேரம் பார்க்க வேண்டாம். அடுத்தடுத்த சுற்றுகளில் அம்புகள் விலகிக்கொண்டே போனால், அல்லது ஏழு சொல்லைச் சொல்லவே மறந்தால், அன்றைக்குப் போதும். "ஒரு நல்ல அம்பு விட்டுட்டுப் போறேன்" என்று தொடர்ந்தால் அந்த நல்ல அம்பு வரவே வராது. சாக்குக்குக் கிட்டே போய் மூன்று மீட்டரில் இரண்டு அம்பை நிதானமாக விட்டு முடியுங்கள்.

நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள்: இன்று எந்தச் சொல் நன்றாக வந்தது, எது நழுவியது. எத்தனை அம்பு நடுவில் பட்டது என்று முதல் சில மாதம் எழுத வேண்டாம். நாணைக் கழற்றி, பிடியில் இருக்கும் வியர்வையைத் துடைத்து, வில்லை நிழலில் தொங்கவிடுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் விட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடாதீர்கள், திரும்பி வருவதற்குள் ஒட்டுப் போட்ட இடம் விட்டுப்போயிருக்கும்.