மிலான் மஞ்சள் ரிசோட்டோ: பதம் தவறாமல் செய்ய

அரிசியைக் கழுவாதீர்கள். பழக்கத்தில் கை தானாகக் குழாயடிக்குப் போகும், நிறுத்துங்கள். அரிசி மேல் ஒட்டியிருக்கும் மாவும் வேக வேகக் கரையும் மாவுச்சத்தும் சேர்ந்துதான் ரிசோட்டோ என்ற இந்த இத்தாலியச் சோற்று உணவுக்கு அந்தக் கொழகொழப்பைத் தருகின்றன.

மிலானைச் சுற்றியுள்ள பாவியா, நோவாரா வயல்களில் விளையும் கார்னரோலி அரிசிதான் இதற்கு முதல் தேர்வு. வெளியே மாவு விட்டாலும் உள்ளே உறுதி குறையாது. ஆர்போரியோ ரகமும் ஆகும், ஆனால் கண் அசந்தால் குழைந்துவிடும். பாசுமதி வேண்டவே வேண்டாம்.

நாலு பேருக்கு: அரிசி 320 கிராம், வெண்ணெய் 80 கிராம், மாட்டெலும்பு மஜ்ஜை 30 கிராம், பெரிய வெங்காயத்தில் பாதி, இனிப்பில்லாத வெள்ளை வைன் 100 மி.லி., மாட்டிறைச்சி சூப் ஒன்றேகால் லிட்டர், குங்குமப்பூ 0.3 கிராம், துருவிய கிரானா படானோ சீஸ் 60 கிராம். மஜ்ஜை பிடிக்காதவர்கள் அந்த அளவுக்கு வெண்ணெயைக் கூட்டிக்கொள்ளலாம். குங்குமப்பூவுக்குப் பதில் மஞ்சள்தூள் போட்டால் நிறம் வரும், மணம் வராது.

குங்குமப்பூவை அரை மணி நேரம் முன்பே ஒரு கரண்டி சூடான சூப்பில் ஊறப்போடுங்கள். மீதி சூப் பக்கத்து அடுப்பில் கொதித்தபடியே இருக்கட்டும். ஆறிய சூப்பை ஊற்றினால் வேக்காடு அறுபட்டு, அரிசி வெளியே குழைந்து நடுவில் விறைத்து நிற்கும்.

அடி கனமான அகலப் பாத்திரத்தில் 30 கிராம் வெண்ணெயும் மஜ்ஜையும் உருகியதும், பொடியாக நறுக்கிய வெங்காயத்தைச் சிறுதீயில் பத்து நிமிடம் வதக்குங்கள். சிவக்கவே கூடாது, சிவந்தால் கசக்கும். பிறகு தீயைக் கூட்டி, அரிசியைப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் வறுங்கள். ஒரு அரிசியை விரலால் தொட்டால் சுட வேண்டும். இப்போது வைன். மூக்கைக் காட்டினால் சாராய நெடி அடிக்காமல் போகும் வரை சுண்டட்டும். அவசரப்பட்டால் கடைசி வாய் வரை புளிப்பு நிற்கும்.

அடுத்து, அரிசி மூழ்கும் அளவுக்கு மட்டும் கரண்டி கரண்டியாகச் சூப். விடாமல் கிண்டத் தேவையில்லை, அடி பிடிக்காமல் பார்த்தால் போதும். சூப் ஊற்றத் தொடங்கியதிலிருந்து பன்னிரண்டாம் நிமிடத்தில் குங்குமப்பூச் சாறு. பதினைந்தாம் நிமிடத்திலிருந்து கடித்துப் பாருங்கள். நடுவில் பல்லுக்கு லேசாகத் தட்டுப்படும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும், சூட்டிலேயே இன்னும் வேகும்.

பெரும்பாலும் கோட்டை விடுவது இதற்கப்புறம்தான். ஒரு நிமிடம் ஆறவிட்டு, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெய் 50 கிராமைத் துண்டு துண்டாகப் போட்டு, சீஸையும் தூவி, பாத்திரத்தை ஆட்டி ஆட்டி வேகமாகக் கிளறுங்கள். குளிர்ந்த வெண்ணெய் மாவுச்சத்தோடு கலந்து குழம்பாகும். தீயில் வைத்தபடியே செய்தால் எண்ணெய் பிரியும், சீஸ் நூல் நூலாக இழுக்கும். உப்பை இப்போதுதான் சரிபார்க்க வேண்டும், சீஸிலேயே நிறைய இருக்கிறது. தட்டைச் சாய்த்தால் அலை போல நகர்ந்து வரவேண்டும். பொங்கல் மாதிரி குவிந்து நின்றால் கொஞ்சம் சூப் விட்டு இளக்குங்கள். உடனே பரிமாறுங்கள், ஐந்து நிமிடத்தில் இறுகிவிடும்.

குடிக்க, பாவியாவுக்குத் தெற்கே ஓல்ட்ரேபோ மலைச்சரிவுகளின் போனார்தா. லேசாக நுரைக்கும் சிவப்பு வைன். சற்றுக் குளிரவைத்தால் வெண்ணெயின் திகட்டலை வெட்டும். கன்றின் கால் எலும்பைச் சதையோடு வேகவைக்கும் ஒஸ்ஸோபூக்கோவும் தட்டில் இருந்தால் அதே மலையின் பார்பேரா சிவப்பு வைன் எடுப்பாக இருக்கும்.

மிஞ்சியதைச் சூப் ஊற்றிச் சுடவைக்காதீர்கள், கூழாகிவிடும். மறுநாள் வெண்ணெய் தடவிய தவாவில் மெல்லிய அடையாகத் தட்டி, இருபுறமும் மொறுமொறுவென்று சுடுங்கள். மிலான்காரர்கள் இதற்காகவே கூடுதலாகக் கிண்டுவதுண்டு.