கடலை, முந்திரி, எள் ஒவ்வாத குழந்தைகளுக்கு அடுப்பில்லாச் சமையல்

சமைக்காத உணவு என்றதும் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருபவை ஊறவைத்த நிலக்கடலையும், இடித்துப் பிடித்த எள்ளுருண்டையும், முந்திரியோ பாதாமோ அரைத்து எடுத்த பாலும்தான். அடுப்பு இல்லாத இடத்தில் கொழுப்பையும் புரதத்தையும் பிடிமானத்தையும் தருபவை இந்தக் கொட்டைகளும் வித்துகளுமே. ஆகவே அவை கடுமையாக ஒவ்வாத குழந்தைக்கு, வழக்கமான செய்முறையில் ஒரு பொருளை மட்டும் மாற்றினால் போதாது. முந்திரிக்குப் பதில் வெள்ளரி விதையையோ பூசணி விதையையோ சேர்க்கலாம் என்று பலர் நல்லெண்ணத்துடன் சொல்வதுண்டு. வித்துகளும் ஒவ்வாத குழந்தைக்கு அந்த யோசனை ஆபத்தானது. தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, அவல், பாசிப்பருப்பு ஆகியவற்றை வைத்துத் தொடக்கத்திலிருந்தே வேறு விதமாக அமைத்த மூன்று செய்முறைகளை இங்கே தருகிறேன். செய்முறைகளைவிட முன்னேற்பாடுகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அவற்றைத் தாண்டிச் சென்று நேராகச் செய்முறைக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

படி 1: மருத்துவரிடம் பட்டியலைச் சரிபார்த்தல்

இங்கே வரும் பொருட்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, குழந்தையைப் பார்க்கும் ஒவ்வாமை மருத்துவரிடம் காட்டுங்கள். குறிப்பாக இரண்டைப் பற்றிக் கேட்க வேண்டும். முதலாவது தேங்காய். முந்திரி, பாதாம் போன்றவை ஒவ்வாத குழந்தைகளில் பெரும்பாலோர் தேங்காயைத் தொல்லையின்றி உண்கிறார்கள். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் 2025 ஜனவரியில் மரக்கொட்டைகள், அதாவது முந்திரி, பாதாம் போன்று மரத்தில் விளையும் கொட்டைகள், அடங்கிய தன் ஒவ்வாமைப் பட்டியலிலிருந்து தேங்காயை நீக்கிவிட்டது. இருந்தாலும் தேங்காயே ஒவ்வாத குழந்தைகள் சிலர் உண்டு. இரண்டாவது பாசிப்பருப்பு. நிலக்கடலையும் பயறு வகையைச் சேர்ந்ததே என்பதால், அது ஒவ்வாத குழந்தைக்கு வேறு பயறுகள் ஒத்துக்கொள்ளுமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வளரும் குழந்தைக்கு இந்த உணவுகள் சிற்றுண்டியாக இருக்கலாமே தவிர, முழு உணவாக இருக்க முடியாது. முளைகட்டிய பயறைச் சமைக்காமல் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். முளைகட்டும் ஈரமும் வெதுவெதுப்பும் நோய்க்கிருமிகள் பெருகுவதற்கும் ஏற்றவை.

படி 2: பொருட்களை வாங்குதல்

மளிகைக் கடையில் சாக்கிலிருந்து அள்ளித் தரும் அவலும் பருப்பும் இந்தக் குழந்தைக்கு ஆகாது. நிலக்கடலையை அள்ளிய அதே கரண்டியால் பாசிப்பருப்பையும் அள்ளுவது எந்தக் கடையிலும் நடக்கக்கூடியது. முத்திரையிட்ட பொட்டலத்தையே வாங்கி, ஒவ்வொரு முறையும் அதன் பின்புறத்தைப் படியுங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, ஒவ்வாமைப் பொருட்களாகத் தனியே அறிவிக்க வேண்டியவற்றில் நிலக்கடலையும் மரக்கொட்டைகளும் உள்ளன. எள்ளும் கடுகும் அந்தப் பட்டியலில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் அவை இரண்டும் இருக்கின்றன. அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் எள்ளை அறிவிப்பது கட்டாயம். ஆகவே நம் பொட்டலங்களில் ஒவ்வாமை அறிவிப்பை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடையக் கூடாது. சேர்மானப் பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டும். ‘மசாலாப் பொருட்கள்’ என்று பொதுவாக மட்டும் போட்டிருந்தால், அந்தப் பொட்டலத்தைத் திரும்ப வைத்துவிடுவதே என் வழக்கம்.

பலரும் எண்ணிப் பார்க்காத இரண்டு பொருட்களை இங்கே சொல்லியாக வேண்டும். ஒன்று செக்கெண்ணெய். நிலக்கடலை, எள், தேங்காய் மூன்றையும் ஒரே செக்கில் மாற்றி மாற்றி ஆட்டும் இடங்கள் ஏராளம். சுத்திகரிக்காத எண்ணெயில் வித்தின் புரதம் தங்கியிருக்கும் என்பதால், அத்தகைய செக்கின் தேங்காய் எண்ணெயும் பாதுகாப்பானதல்ல. மற்றொன்று வெல்லம். பாகு பொங்கி வழியாமல் இருக்க எண்ணெய் விடுவதும், அழுக்கு நீக்க ஆமணக்கு விதையையோ நிலக்கடலையையோ அரைத்துக் கரைத்து ஊற்றுவதும் வெல்லம் காய்ச்சும் இடங்களில் உண்டு. கருப்பட்டி காய்ச்சும்போதும் ஆமணக்கு சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். எந்த ஆலையில் எதைச் சேர்த்தார்கள் என்பதைக் கடைக்காரரால் சொல்ல இயலாது. ஆகவே கீழே உள்ள செய்முறைகளில் இனிப்புக்குப் பழமும் பேரீச்சையுமே வருகின்றன.

பேரீச்சையைக் கொட்டையுடன் இருப்பதாக வாங்கி, வீட்டில் நீக்கிக்கொள்ளுங்கள். தேங்காயை முழுக்காயாக வாங்கி உடையுங்கள்.

படி 3: பாத்திரங்களும் கைகளும்

இந்தக் குழந்தைக்கென்று ஒரு மிக்ஸி ஜார், ஒரு தேங்காய்த் துருவி, ஒரு பலகை, ஒரு கத்தி ஆகியவற்றைத் தனியே ஒதுக்குங்கள். ஜாரின் கத்திக்கு அடியிலும் மூடியின் ரப்பர் வளையத்திலும் பழைய சட்னியின் துகள்கள் தங்கிவிடும். அம்மியும் ஆட்டுக்கல்லும் எள்ளும் கடலையும் அரைபட்டவை. அவற்றின் பொளிகளை முழுமையாகக் கழுவி எடுப்பது கடினம் என்பதால் அவை வேண்டாம். வேலை தொடங்குமுன் கைகளைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். கிருமிநாசினித் திரவம் கிருமியைக் கொல்லுமே தவிர, கையில் ஒட்டிய கடலைப் புரதத்தை நீக்காது.

செய்முறை 1: அவல் பஞ்சாமிர்தம்

பழனிப் பஞ்சாமிர்தம் அடுப்பேறாத இனிப்பு. மலைவாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, நெய், ஏலக்காய் ஆகியவை சேர்வது. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதில் கொட்டையே இல்லாதிருப்பது நமக்குப் பெரிய உதவி. சர்க்கரையையும், விதையே ஆன ஏலக்காயையும் விட்டுவிட்டு, வயிறு நிறைய அவலைச் சேர்க்கிறோம்.

அரை கப் கெட்டி அவலைக் கல், உமி பார்த்துக் கழுவி, மூழ்கும் அளவு காய்ச்சி ஆறிய நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, வடிகட்டிப் பிழிந்துகொள்ளுங்கள். மெல்லிய அவலாக இருந்தால் அலசி எடுப்பதே போதும். நன்கு கனிந்த இரண்டு வாழைப்பழங்களைக் கையால் பிசைந்து, மிகப் பொடியாக நறுக்கிய நான்கு பேரீச்சைகளைச் சேர்த்து, பால் ஒத்துக்கொள்ளும் குழந்தை என்றால் ஒரு சிறு கரண்டி நெய்யும் விட்டு, கடைசியாக அவலைக் கலக்கிப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். மிக்ஸியில் அடித்தால் கூழாகிவிடும். கையால் பிசைவதே சரி.

செய்முறை 2: தேங்காய்ப் பேரீச்சை உருண்டை

எள்ளுருண்டையின் இடத்தை இது நிரப்பும். கொட்டை நீக்கிய பத்துப் பேரீச்சைகளை வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, நீரை முழுதும் வடித்துவிட்டு விழுதாக அரையுங்கள். ஊறவைக்காத அரை கப் அவலைத் தனியே பொடித்துக்கொள்ளுங்கள். உருண்டைக்குப் பிடிமானம் தருவது இந்தப் பொடிதான். விழுதுடன் முக்கால் கப் தேங்காய்த் துருவலைச் சேர்த்து, அவல் பொடியைச் சிறிது சிறிதாகத் தூவிப் பிசைந்து, கையில் ஒட்டாத பதம் வந்ததும் உருட்டுங்கள். பச்சைத் தேங்காய் சேர்ந்திருப்பதால் அன்றே தீர்ந்துவிட வேண்டும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உருண்டையாகக் கொடுக்காமல் உதிர்த்துக் கொடுங்கள், தொண்டையில் அடைக்கும்.

செய்முறை 3: தாளிக்காத வடைப்பருப்பு

ராமநவமிக்கு நீர்மோருடனும் பானகத்துடனும் படைக்கும் வடைப்பருப்பு, ஊறவைத்த பாசிப்பருப்பில் செய்வது. சில வீடுகளில் கடுகு தாளிப்பார்கள். நாம் அதை விட்டுவிடுகிறோம். கால் கப் பருப்பை மூன்று முறை கழுவி, காய்ச்சி ஆறிய நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, நகத்தால் கிள்ளினால் நசுங்குகிறதா என்று பாருங்கள். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், துருவிய கேரட், பொடியாக நறுக்கிய மாங்காய் ஆகியவற்றைச் சேர்த்து, கொடுக்கும் நேரத்தில் மட்டும் உப்புப் போடுங்கள்; முன்னதாகப் போட்டால் நீர் விட்டுக்கொள்ளும். முந்திரி மரமும் மாமரமும் ஒரே தாவரக் குடும்பம் என்றாலும், முந்திரி ஒவ்வாதவர்களில் பெரும்பாலோருக்கு மாங்காய்ச் சதை தொல்லை தருவதில்லை. ஐயம் இருந்தால் எலுமிச்சைச் சாறு பிழியலாம். மாங்கொட்டைக்குள் இருக்கும் பருப்பில் கத்தி படாமல் நறுக்க வேண்டும்.

முதல் முறை கொடுக்கும்போது

புதிய பொருள் ஒன்றை மட்டும், மிகச் சிறிய அளவில், மருத்துவர் சம்மதித்த பிறகு, குழந்தை நலமாக இருக்கும் நாளில் பகல் நேரத்தில் கொடுங்கள். உடனிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். உதடோ நாக்கோ வீங்குதல், திரும்பத் திரும்ப வாந்தி, குரல் கம்முதல், மூச்சிரைப்பு, தலைசுற்றித் துவளுதல் ஆகியவை கடும் ஒவ்வாமையின் அறிகுறிகள். அப்போது அரிப்புக்குக் கொடுக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. மருத்துவர் முன்பே எழுதித் தந்து, போடும் முறையையும் கற்பித்திருக்கும் அட்ரினலின் ஊசியைத் தொடையின் வெளிப்புறத்தில் உடனே போட்டு, 108ஐ அழையுங்கள். குழந்தையைப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்தி வையுங்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் உட்காரவைக்கலாம், ஆனால் எழுந்து நடக்க விடக் கூடாது. ஊசி போட்டபின் குழந்தை தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்; சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் மீண்டும் வரக்கூடும் என்பதால் அங்கே கண்காணிப்பில் வைத்திருப்பார்கள்.