வேர்ட்பிரஸ் தமிழ்த் தளம்: பிரிவுகளையும் முகவரிகளையும் ஒழுங்குபடுத்துவது எப்படி?

சமையல் குறிப்புகளுக்காக நான் நடத்தும் தளத்தின் முகவரிகளை அண்மையில் அடியோடு மாற்றி அமைத்தேன். அந்த வேலையை வரிசைப்படி இங்கே எழுதுகிறேன். வேர்ட்பிரஸை நிறுவுவது, தீம் போடுவது போன்றவற்றுக்குள் நான் போகவில்லை. தளம் ஓடிக்கொண்டிருக்கிறது, நிர்வாகப் பலகைக்குள் நுழையத் தெரியும் என்றால் போதும்.

படி 1: முதலில் தாளில் பிரியுங்கள்

கணினியைத் திறக்க வேண்டாம். தளத்தில் என்னென்ன வரப்போகிறது என்பதைத் தாளில் எழுதி, பெரிய பிரிவுகளாகக் கட்டுங்கள். என் தளத்தில் டிபன், குழம்பு, பொரியல், இனிப்பு, ஊறுகாய் ஆகியவை பிரிவுகள். ஒரு பதிவு ஒரே ஒரு பிரிவில்தான் உட்கார வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட விதி. தேங்காய், கத்தரிக்காய் போன்ற பொருள்களும் கொங்கு, செட்டிநாடு போன்ற வட்டாரங்களும் குறிச்சொற்களுக்குப் போய்விடும். எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு 'குழம்பு' பிரிவில் இருக்கும். 'கத்தரிக்காய்' அதன் குறிச்சொல்.

ஒரு பிரிவில் பத்துப் பதிவாவது எழுத விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதைக் குறிச்சொல்லாக்கிவிடுங்கள். பிரிவுக்குள் உட்பிரிவு, அதற்குள் இன்னொன்று என்று வேர்ட்பிரஸ் எவ்வளவு ஆழத்துக்கும் விடும். நான் இரண்டு அடுக்கைத் தாண்டுவதில்லை.

படி 2: பதிவா, பக்கமா?

அறிமுகம், தொடர்பு, அளவு அட்டவணை போல என்றும் ஓரிடத்தில் நிற்பவை பக்கங்கள். மற்றவை பதிவுகள். பக்கத்துக்குப் 'பேரன்ட்' வைத்தால் தாய்ப் பக்கத்தின் பெயரும் முகவரியில் சேரும். பதிவுக்கு அந்த வசதி கிடையாது.

படி 3: முகவரியின் வடிவம்

'செட்டிங்ஸ்' பட்டியலில் 'பெர்மாலிங்க்ஸ்' பக்கத்தைத் திறங்கள். அங்கே உள்ள வடிவங்களில் 'போஸ்ட் நேம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். முகவரியில் பதிவின் பெயர் மட்டும் வரும், தேதி வராது. சமையல் குறிப்புக்குத் தேதி எதற்கு? செய்தித் தளம் என்றால் ஆண்டும் மாதமும் இருப்பதில் நியாயம் உண்டு.

பிரிவின் பெயரையும் முகவரியில் சேர்க்கலாமா என்று பலரும் கேட்பார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு பதிவுக்கு இரண்டு பிரிவுகள் இருந்தால் வேர்ட்பிரஸ் எதை எடுக்கும் தெரியுமா? உள் எண் சிறியதாக இருப்பதை, அதாவது நீங்கள் முதலில் உருவாக்கிய பிரிவை. கொழுக்கட்டைக்கு 'இனிப்பு', 'பண்டிகை' இரண்டையும் கொடுத்தால், எது முகவரியில் வரும் என்பதை உங்கள் விருப்பம் தீர்மானிக்காது. சில எஸ்இஓ பிளகின்கள் (தேடுபொறிகளில் தளம் நன்றாகத் தெரிய உதவும் துணை நிரல்கள்) முதன்மைப் பிரிவைத் தேர்ந்தெடுக்க விடுகின்றன. ஒரு முகவரிக்காக அவ்வளவு பெரிய பிளகினைச் சுமப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பிரிவு பட்டியலில் தெரியட்டும், முகவரியில் வேண்டாம்.

படி 4: தமிழ்த் தலைப்பும் 200 என்ற எல்லையும்

பலருக்கும் சிக்கல் இங்கேதான் வருகிறது. எனக்கும் இங்கேதான் நேரம் போயிற்று. "திருநெல்வேலி அல்வா செய்வது எப்படி" என்று தலைப்பிட்டு வெளியிட்டேன். வந்த முகவரியின் வால் இது:

திருநெல்வேலி-அல்வா-செய்வ

மீதி எங்கே? தீமை மாற்றிப் பார்த்தேன், பிளகின்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். பலனில்லை. காரணம் தரவுத்தளத்தில் இருக்கிறது. முகவரியின் வால்பகுதியை வேர்ட்பிரஸ் ஸ்லக் என்கிறது. அதைச் சேமிக்கும் கட்டத்தில் 200 இடங்கள் மட்டுமே உண்டு. ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழை வேர்ட்பிரஸ் அப்படியே சேமிப்பதில்லை. விழுக்காட்டுக் குறி (%) இட்ட குறியீடுகளாக மாற்றிச் சேமிக்கிறது. எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் முறையான ஒருங்குறியில் 'தி' என்பது த, இகரக் குறி என இரண்டு அலகுகள். ஒவ்வொரு அலகும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று இடங்களைப் பிடிக்கும். ஆக, ஓர் அலகுக்கு 9 இடம், 'தி'க்கு 18. மொத்தம் 22 அலகுகளில் கதை முடிகிறது. மேலே உள்ள வாலை எண்ணிப் பாருங்கள்: 22 அலகுகளுக்கு 198, இரண்டு இடைக்கோடுகளுக்கு 2.

அடுத்த வேடிக்கை, "திருநெல்வேலி அல்வா செய்வதில் வரும் சிக்கல்கள்" என்று இரண்டாவது பதிவு எழுதியபோது நடந்தது. அதுவும் அதே இடத்தில்தான் வெட்டுப்படும். ஒரே ஸ்லக் இரண்டு பதிவுகளுக்கு இருக்க முடியாது என்பதால் வேர்ட்பிரஸ் '-2' சேர்க்கும். அதற்கு இடமில்லாததால் கடைசி 'வ'வையும் எடுத்துவிடும். கிடைத்தது: திருநெல்வேலி-அல்வா-செய்-2. ஏதோ கட்டளை போல இருக்கிறது.

தமிழ் முகவரியே கூடாது என்று சொல்ல வரவில்லை. தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் தமிழ் முகவரிகளால்தான் ஓடுகிறது. அதன் மென்பொருளான மீடியாவிக்கி தலைப்பை அப்படியே சேமிக்கிறது, எல்லையும் 255 பைட். 85 அலகுகள் வரை தாங்கும். குறை வேர்ட்பிரஸின் சேமிப்பு முறையில் இருக்கிறது. அது திருந்தும்வரை நான் செய்வது இதுதான்: தலைப்பு தமிழில், ஸ்லக் ஆங்கில எழுத்தில். வெளியிடும் முன்பே வலப்பக்கப் பலகையில் ஸ்லக்கைத் திறந்து, இரண்டு மூன்று சொற்களில் 'நெல்லை-அல்வா' என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டிவிடுங்கள். சொற்களுக்கு நடுவே இடைக்கோடு போடுங்கள், அடிக்கோடு வேண்டாம். கூகுளும் இடைக்கோட்டைத்தான் பரிந்துரைக்கிறது. வாட்ஸ்அப்பில் பகிரும்போதும் விழுக்காட்டுக் குறிகள் வரிவரியாக நீளாது.

ஒலிபெயர்ப்பில் ஒரே முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். குழம்பின் ழகரத்துக்கு ஒரு நாள் 'இசட் எச்', மறுநாள் 'எல்' என்று எழுதினால், பழைய பதிவைத் தேடும்போது நீங்களே திணறுவீர்கள். தலைப்பைத் தானாக ஒலிபெயர்த்துத் தரும் பிளகின்களும் உண்டு. தலைப்பு நீளமானால் அவை தரும் ஸ்லக்கும் நீளும். கையால் எழுதுவதே மேல்.

படி 5: பிரிவுகளின் ஸ்லக்

பிரிவை உருவாக்கும்போது 'நேம்' கட்டத்தில் தமிழ், 'ஸ்லக்' கட்டத்தில் ஆங்கில எழுத்து. ஸ்லக்கைக் காலியாக விட்டால் தமிழ்ப் பெயரிலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும், அதே 200 எல்லையோடு. 'அன்கேட்டகரைஸ்ட்' என்ற பிரிவு இயல்பிருப்பாக (பிரிவு தராத பதிவுகள் தானாகப் போய்ச் சேரும் இடமாக) இருக்கும்வரை அதை நீக்க முடியாது; பெயரை மட்டும் 'பொது' என்று மாற்றிவிடுங்கள்.

படி 6: பழைய முகவரிகள்

முதலில் தரவுத்தளத்தை நகலெடுத்து வையுங்கள். பிறகு பதிவுப் பட்டியலில் 'குவிக் எடிட்' வழியாக ஸ்லக்குகளை மாற்றுங்கள். ஒவ்வொரு பதிவையும் திறந்து மாற்றுவதைவிட மிக விரைவு. வெளியான பதிவின் ஸ்லக்கை மாற்றினால், பழைய முகவரிக்கு வருபவரை வேர்ட்பிரஸே புதியதற்குத் திருப்பிவிடும். பக்கங்களுக்கும் பிரிவுகளுக்கும் இந்தச் சலுகை கிடையாது. அவற்றுக்கு 'ரீடைரெக்‌ஷன்' என்ற இலவசப் பிளகினைப் போட்டு, பழையது, புதியது இரண்டையும் எழுதி 301 (நிரந்தரத் திருப்பம்) கொடுங்கள். 302 தற்காலிகம் என்று பொருள், அது வேண்டாம்.

பதிவுகளுக்குள் இருக்கும் பழைய இணைப்புகளை 'பெட்டர் சர்ச் ரீப்ளேஸ்' என்ற பிளகின் கொண்டு மாற்றலாம். முதலில் ஒத்திகை ஓட்டம் விட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். 'ஜியுஐடி' என்ற கட்டத்தைத் தொடாதீர்கள். ஓடைத் திரட்டிகள் (பல தளங்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் காட்டும் செயலிகள்) பதிவை அடையாளம் காண்பது அதை வைத்துத்தான், மாற்றினால் பழைய பதிவுகள் எல்லாம் புதியவை போல மீண்டும் கிளம்பும்.

பின்சேர்க்கை

முகவரி வடிவத்தை மாற்றியதும் முகப்பைத் தவிர எல்லாமே 404 (பக்கம் இல்லை) காட்டுகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். பெர்மாலிங்க்ஸ் பக்கத்துக்குப் போய், எதையும் மாற்றாமல் மறுபடி 'சேவ்' அழுத்துங்கள்; விதிகள் புதிதாக எழுதப்படும். தளம் அப்பாச்சி என்ற வழங்கி மென்பொருளில் ஓடி, அப்படியும் சரியாகவில்லை என்றால், அந்த விதிகள் எழுதப்படும் 'எச்டிஅக்சஸ்' கோப்பில் எழுத அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். வழங்கி மென்பொருள் என்ஜின்எக்ஸ் என்றால் அந்தக் கோப்பே வேலை செய்யாது, வழங்கியின் அமைப்பில்தான் திருத்த வேண்டும்.

இன்னொருவர் 'தொடர்பு' பக்கத்துக்கு வால் '-2' வருகிறது, ஆனால் அந்தப் பெயரில் வேறு பக்கமோ பதிவோ இல்லை என்றார். மீடியா நூலகத்தில் தேடச் சொன்னேன். அதே பெயரில் பதிவேற்றிய ஒரு படம் அந்த முகவரியைப் பிடித்துவைத்திருந்தது. படத்தின் ஸ்லக்கை மாற்றிய பிறகு பக்கத்தின் ஸ்லக்கிலிருந்து '-2'வை அழித்தால் சரியாகிவிடும்.