விற்கும் முன் புதுப்பிக்கிறீர்களா? முதலில் சீலிங்கைத் தட்டிப் பாருங்கள்

நங்கநல்லூர், குரோம்பேட்டை, அம்பத்தூர் பக்கம் 1980-களில் கட்டிய தனி வீட்டை விற்க நினைப்பவர்கள் பலர் முதலில் செய்வது, தளத்தின் அடிப்பக்கத்தை மறைத்து ஃபால்ஸ் சீலிங் போடுவது. அதுதான் பெரிய தவறு. வாங்க வருபவர் கூடவே ஓர் இன்ஜினியரை அழைத்து வந்தால், மூடிய சீலிங்கைக் கண்டதும் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது என்றே அவர் கணக்குப் போடுவார்.

கான்கிரீட் தளத்தின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் தட்டும்போது பொக்கென்று ஒலித்தால் அங்கே கான்கிரீட் கம்பியை விட்டுப் பிரிந்திருக்கிறது. அதன்மேல் சிமென்டை அப்பினால் நிற்காது. துரு ஏற ஏறக் கம்பி உப்பிப் பூச்சைத் தள்ளிவிடும். பிரிந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னாலும் முக்கால் அங்குலம் வரை கொத்தியெடுத்து, துருவைத் தேய்த்து, ஜிங்க் பிரைமர் அடித்து, பாலிமர் சாந்தால் அடைக்க வேண்டும். மெலிந்த கம்பியோடு புதுக் கம்பி சேர்க்க வேண்டும். இத்தனைக்கும் முன்னால் மாடியில் நீர் இறங்குவது நிற்க வேண்டும். மாடித் தரையில் பதித்த தட்டோட்டு இடுக்குகளைச் சரிசெய்யாமல் மேலே வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே சிறைப்படும்.

அடிச்சுவரில் ஓதம் (மண்ணிலிருந்து ஏறும் ஈரம்) ஏறியிருந்தால் பட்டி பார்த்து மறைக்காதீர்கள். அடுத்த மழையில் உப்புப் பூத்து உதிரும். ஓதக் கோட்டுக்கு ஓரடி மேல்வரை பூச்சை உரித்து, தரையையொட்டி நான்கு அங்குலத்துக்கு ஒரு துளையிட்டு ஓதத்தடுப்பு ரசாயனம் செலுத்த வேண்டும். ஒன்பது அங்குலச் சுவர் காய மாதக்கணக்கில் ஆகும். அவசரப்படுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஹாலைப் பெரிதாக்க அதற்கும் பக்கத்து அறைக்கும் நடுவிலுள்ள சுவரை இடிக்கவே கூடாது. இவ்வகை வீடுகள் பலவற்றில் தூணே இல்லை. தளம் சுவரில்தான் உட்கார்ந்திருக்கிறது.

சாலை உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டதென்று தரையை இரண்டடி ஏற்றினால் பத்தடி அறை எட்டடியாகும். கதவு நிலை, ஜன்னல், கழிவறைக் குழாய் எல்லாம் மாறும். அதற்குப் பதில் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கலாம். ஆனால் அதன் செலவையும் கணக்குப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள்.

வயரிங்கில் கஞ்சம் வேண்டாம். விளக்குக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கு 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், ஒழுங்கான எர்த், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அவசியம்.

பக்கவாட்டுக் காலியிடத்தை விழுங்கி ஓர் அறை எழுப்பினால் லாபம் என்று தோன்றும். வங்கி மதிப்பீட்டாளர் பொதுவாக அனுமதி பெற்ற வரைபடத்தில் உள்ளதை மட்டுமே கணக்கில் எடுப்பார். வாங்குபவரின் கடன் குறையும், பேரம் உங்கள் தலையில் விடியும்.

தெருவில் அக்கம்பக்கமெல்லாம் அடுக்குமாடியாகிவிட்டதா? அப்படியானால் வருபவர் இடித்துக் கட்டத்தான் வாங்குவார். மாடுலர் கிச்சனுக்குப் போடும் காசு திரும்பாது.