ராட்சட் விடுவித்தால் மட்டும் போதாது: விமான மின்கம்பிகளைக் கிரிம்ப் செய்வதும் கட்டுவதும்

பயிற்சி முடித்த முதல் ஆண்டில், 26 காண்டாக்ட்கள் (கம்பியின் நுனியில் பொருத்தும் சிறு உலோக முனைகள்) கொண்ட ஒரு கனெக்டருக்குக் கம்பிகளைக் கிரிம்ப் செய்தேன்; அதாவது, காண்டாக்டின் குழலுக்குள் கம்பியை நுழைத்து, கருவியால் அழுத்திப் பிணைத்தேன். ஒவ்வொரு முறையும் கருவியின் பிடி முழுவதும் மூடி, அதைப் பாதியில் திறக்க விடாத ராட்சட் பற்சக்கரம் கிளிக் என்று விடுவித்தது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆய்வாளர் அவற்றில் ஒன்றை எடுத்து இழுவைச் சோதனைக் கருவியில் மாட்டினார். கம்பி அப்படியே உருவிக்கொண்டு வந்துவிட்டது. எவ்வளவு ஆழம் அழுத்த வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் தேர்வுக் குமிழ், முந்தைய வேலையின் 20 கேஜ் கம்பிக்கான நிலையில் நின்றிருந்தது (கேஜ் என்பது கம்பியின் பருமனைக் குறிக்கும் எண்; எண் கூடக் கூடக் கம்பி மெலியும்). என் கையில் இருந்ததோ அதைவிட மெல்லிய 22 கேஜ். இருபத்தாறையும் வெட்டிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

பிடி கடைசி வரை மூடியதா என்பதை மட்டுமே ராட்சட் உறுதி செய்யும். உள்ளே சரியான கம்பி, சரியான காண்டாக்ட், சரியான ஆழம் இருக்கின்றனவா என்று அதற்குத் தெரியாது. அதைப் பார்ப்பது நம் வேலை. அந்த வேலை பிடியை அழுத்துவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

ஏன் இவ்வளவு கவனம்? விமானத்தில் ஓடும் 22 கேஜ் கம்பியில் பெரும்பாலும் 19 மெல்லிய செப்பு இழைகள் இருக்கும். காண்டாக்டின் குழலுக்குள் அவற்றை நுழைத்து நான்கு பக்கமும் அழுத்தும்போது, இழைகளும் குழலும் உருமாறி, இடையில் காற்றுக்கு இடமின்றி ஒன்றோடொன்று நெருங்குகின்றன. காற்று புகாத இடத்தில் அரிப்பும் எளிதில் புகாது. அழுத்தம் குறைந்தால் கம்பி வழுக்கும். கூடினால் இழைகள் நசுங்கி, அதிர்வில் ஒவ்வொன்றாக முறியும். சிலர் உறுதிக்காகக் கிரிம்பின் மேல் ஈயப்பற்றும் வைக்க நினைப்பார்கள். வேண்டாம். உருகிய ஈயம் இழைகளுக்கிடையே ஏறி, காப்புறைக்குக் கீழே கம்பியை விறைக்கச் செய்கிறது. அந்த விறைப்பு முடியும் இடத்திலேயே கம்பி ஒடியும்.

முதல் வேலை, கருவி சரியான அளவுக்கு அழுத்துகிறதா என்று சோதிக்கும், பச்சை, சிவப்பு என இரு முனைகள் கொண்ட அளவுமானி. எம்22520/1-01 வகைக் கருவி 12 முதல் 26 கேஜ் வரையிலும், அதைவிடச் சிறிய எம்22520/2-01 கருவி 20 முதல் 32 கேஜ் வரையிலும் பிடிக்கும். இரண்டுக்கும் தனித்தனி அளவுமானி உண்டு. குமிழை அந்த அளவுமானிக்குச் சொல்லப்பட்ட எண்ணில் வைத்து, பிடியை முழுவதும் மூடிய நிலையில், பச்சை முனையை, காண்டாக்டை அழுத்தும் குத்துமுனைகளுக்கு நடுவே விடுங்கள்; தடையில்லாமல் போக வேண்டும். சிவப்பு முனை போகவே கூடாது. அளவுமானியை உள்ளே வைத்துக்கொண்டு பிடியை அழுத்தாதீர்கள்: அதையே கிரிம்ப் செய்து, அளவுமானியையும் கருவியையும் ஒருசேரக் கெடுத்துவிடுவீர்கள். நான் காலையில் ஒரு முறை, உணவு இடைவேளைக்குப் பின் ஒரு முறை, கருவி கீழே விழுந்தால் உடனே ஒரு முறை சோதிக்கிறேன்.

அடுத்தது கருவியில் பொருத்தும் டர்ரெட் அல்லது பொசிஷனர். காண்டாக்ட் எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. பெரிய கருவியின் வழக்கமான டர்ரெட்டில் 20-க்குச் சிவப்பு, 16-க்கு நீலம், 12-க்கு மஞ்சள். இவை காண்டாக்டின் அளவுகள், கம்பியின் கேஜ் அல்ல. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். நிறத்தைக் காண்டாக்ட் தீர்மானிக்கும். குமிழின் எண்ணைக் கம்பி தீர்மானிக்கும். எந்தக் கம்பிக்கு எந்த எண் என்பது டர்ரெட்டின் தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. மனப்பாடமாகத் தெரிந்தாலும் தகட்டைப் படித்துவிட்டே குமிழைத் திருப்புங்கள். என் இருபத்தாறு காண்டாக்ட்களும் போனது அந்த ஒரு வரியைப் படிக்காததால்தான்.

இனி காப்புறையை உரிப்பது. அந்தக் கேஜுக்கும் அந்தக் காப்புறைக்கும் உரிய தகடு பொருத்திய உரிப்பானையே பயன்படுத்துங்கள், கத்தி வேண்டாம். ஓர் இழை அறுந்தாலும் முனையை வெட்டிவிட்டு மீண்டும் உரியுங்கள். உரித்த பின் இழைகளின் முறுக்கு கலைந்திருந்தால், முன்பிருந்த திசையிலேயே மெதுவாகச் சேர்த்துவிடுங்கள். விரல் ஈரமோ எண்ணெயோ படக்கூடாது. காப்புறையில் காயம் பட்டிருந்தால் அந்தக் கம்பியை ஒதுக்கிவிடுங்கள். 1998 செப்டம்பர் 2 அன்று கனடா கடற்கரையருகே ஸ்விஸ்ஏர் 111 விமானம் விழுந்து 229 பேர் இறந்தார்கள். மின்கம்பி ஒன்றில் எழுந்த மின்பொறி, விமானச் சுவரின் வெப்பக் காப்புப் போர்வையை மூடியிருந்த, எளிதில் தீப்பற்றும் உறையைப் பற்றவைத்திருக்கக்கூடும் என்பது விசாரணையின் முடிவு. கம்பியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த விமானம் நினைவுக்கு வருகிறது.

உரித்த முனையைக் காண்டாக்டின் குழலுக்குள் அடி வரை தள்ளுங்கள். குழலின் பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கும். அதில் இழைகள் தெரிய வேண்டும். காப்புறைக்கும் குழலின் வாய்க்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் எனக்கு மனம் ஒப்பாது, மீண்டும் உரிப்பேன். காப்புறை குழலுக்குள் போயிருந்தால் அது இன்னும் மோசம். கம்பியை லேசாக உள்நோக்கித் தள்ளியபடியே பிடியை ஒரே சீராக, ராட்சட் தானாக விடுவிக்கும் வரை அழுத்துங்கள். இரண்டாம் முறை அழுத்திச் சரிசெய்ய முடியாது.

பிறகு பூதக்கண்ணாடியில் பாருங்கள். குத்துமுனைகளின் பதிவுகள் குழலின் நடுப்பகுதியில் விழுந்திருக்க வேண்டும்; துளையின் மேல் விழக்கூடாது. குழலில் விரிசலும், வெளியே தப்பிய இழையும் கூடாது. வேலை தொடங்கும்போது அதே கம்பியிலும் அதே காண்டாக்டிலும் மூன்று மாதிரிகள் செய்து இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். 20 கேஜ் செப்புக் கம்பி ஏறத்தாழ 9 கிலோகிராம் இழுவையைத் தாங்க வேண்டும். மாதிரிகள் தேறிய பிறகே உண்மையான கம்பியைத் தொடுவேன்.

காண்டாக்டைக் கனெக்டரில் செருக, நிறமிட்ட பிளாஸ்டிக் கருவி உண்டு. அதன் வெள்ளை முனை கழற்றுவதற்கு. செருகியதும் கம்பியை மெல்ல இழுத்து, பூட்டு பிடித்ததா என்று பாருங்கள்.

கம்பிகளைக் கற்றையாகச் சேர்த்துக் கட்டும் வேலையை எளிது என்று எண்ணுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கிரிம்ப் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கட்டுத் தளர்ந்த கற்றை எதிலாவது உரசி ஒரு நாள் காப்புறையை இழக்கும். லேசிங் டேப்பால் (கற்றை கட்டும் தட்டை நாடா) கட்டினால் முதலில் கிளோவ் ஹிட்ச் என்ற சுற்று முடிச்சு போட்டு, அதன் மேல் சதுர முடிச்சு; கற்றை நழுவாத அளவு இறுக்கம், காப்புறை பள்ளமாகாத அளவு தளர்வு. பிளாஸ்டிக் கேபிள் டை அனுமதிக்கப்பட்ட இடத்தில், இழுவிசையை முன்கூட்டியே அமைத்து வைக்கக்கூடிய கருவியால் இறுக்கி, வாலை ஒட்ட வெட்டுங்கள். சாய்வாக வெட்டிய வால் அடுத்தவர் கையைக் கிழிக்கும். அந்தத் தழும்பு என் மணிக்கட்டில் இருக்கிறது.

கற்றையைத் தாங்கிப் பிடிக்கும் கிளாம்ப்களுக்கு இடையே 24 அங்குலத்தைத் தாண்டாதீர்கள். நடுவில் கையால் லேசாக அழுத்தினால் கற்றை அரை அங்குலத்துக்கு மேல் தொய்யக்கூடாது. வளைவின் ஆரம், கற்றையிலுள்ள மிகப் பருமனான கம்பியின் விட்டத்தைப் போல் பத்து மடங்காவது இருக்கட்டும். ஒரு ஸ்டட்டில் (கம்பிகளை இணைக்கும் திருகுத் தண்டு) நான்கு டெர்மினல்களுக்கு (கம்பி நுனியின் வளையங்கள்) மேல் அடுக்க வேண்டாம். நட்டை, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், வரைபடத்தில் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

கையொப்பமிடும் முன், பயன்படுத்திய கிரிம்பிங் கருவியின் வரிசை எண்ணையும் அதன் அளவுத்திருத்தக் கெடு தேதியையும் வேலைத்தாளில் எழுதுங்கள். அந்தக் கருவி பிற்பாடு அளவு தவறியதாகத் தெரிந்தால், எந்தெந்த விமானத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் தேடுவார்கள்.