மருந்து அடிக்கும் முன் வெறும் தண்ணீரை அடித்துப் பாருங்கள்

கத்தரிச் செடியின் நுனி வாடித் தொங்கினால் அது பெரும்பாலும் தண்டுத் துளைப்பான் வேலைதான். தொடக்கத்தில் வாடிய நுனியைப் புழுவோடு கிள்ளி எரித்தாலே பாதி கட்டுப்படும். அதையும் மீறிப் பரவினால்தான் மருந்து. முதன்முதலாக டேங்கைத் தோளில் மாட்டுகிறவர்களுக்கான வழிமுறை இது.

1. லேபிளைப் படியுங்கள்

உங்கள் பயிரும் பூச்சியும் அதில் இருக்க வேண்டும். லேபிளில் உள்ள சாய்சதுரக் குறியின் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சையும் நஞ்சுதான். 'எல்லாப் புழுவும் சாகும்' என்று யாராவது மோனோகுரோட்டோபாஸை நீட்டினால் வாங்காதீர்கள். காய்கறிகளுக்கு அது 2005லேயே தடை செய்யப்பட்டது. அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதும் லேபிளில் இருக்கும். காயைப் பறித்த கையோடு அடித்தால் அந்த நாட்களைச் சமாளிப்பது எளிது.

2. அளவைப் பிடியுங்கள்

'டேங்குக்கு ரெண்டு மூடி' என்பதெல்லாம் ஒரு கணக்கா? மூடி பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், டேங்கும் 10 லிட்டர், 16 லிட்டர் என்று மாறும். லேபிளில் பெரும்பாலும் ஹெக்டேர் அளவுதான் இருக்கும், 2.5ஆல் வகுத்தால் ஏக்கர் அளவு. ஹெக்டேருக்கு 500 மில்லி மருந்து, 500 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 200 மில்லி, 200 லிட்டர். அப்படியானால் ஒரு சென்ட்டுக்கு 2 லிட்டர் கலவை.

இப்போது ஒரு சென்ட்டை, அதாவது 436 சதுர அடியை, கயிறு பிடித்து அளந்துகொள்ளுங்கள். டேங்கில் 2 லிட்டர் வெறும் தண்ணீர் ஊற்றி, வழக்கமான நடையில் அடியுங்கள். பாதியிலேயே தீர்ந்தால் நடை மெதுவு, அல்லது நாசில் (மருந்து பீய்ச்சும் முனை) தேய்ந்து துளை பெரிதாகிவிட்டது. மிஞ்சினால் வேகமாக நடந்திருக்கிறீர்கள். திரும்பத் திரும்ப அடித்தால் கால் பழகிவிடும். அப்புறம் 10 லிட்டர் டேங்குக்கு 10 மில்லி, 16 லிட்டருக்கு 16 மில்லி என்று அளவுக் குடுவையால் ஊற்றலாம். டேங்க் ஒழுகினால் இந்த ஒத்திகையிலேயே தெரிந்துவிடும். முதுகில் வழியும் மருந்து தோல் வழியாகவே உடம்பில் ஏறும்.

3. உடை

முழுக்கைச் சட்டை, பேன்ட், ரப்பர் கையுறை, கண்ணாடி, முகமூடி, பூட்ஸ். பேன்ட்டின் காலை பூட்ஸுக்கு வெளியே விடுங்கள். உள்ளே செருகினால் வழிவதெல்லாம் பாதத்துக்குப் போகும். மூக்கில் கட்டிய துண்டு நனைந்தால், மருந்தை முகத்தோடு ஒட்டி வைத்த கதைதான். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் சுமார் 20 பேர் இறந்தார்கள். ஆளுயரம் வளர்ந்த செடிகளுக்கு நடுவே அடித்தது முக்கியக் காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது.

4. கலந்து அடிப்பது

டேங்கில் பாதித் தண்ணீர், பிறகு மருந்து, பிறகு மீதித் தண்ணீர். தூள் மருந்தை முதலில் வாளியில் குச்சியால் கரைத்துக்கொள்ளுங்கள். காற்று பலமாக இருந்தால் அன்றைக்கு வேண்டாம். எதிர்க்காற்றில் எப்போதும் வேண்டாம். செடி பூத்திருந்தால் தேனீக்கள் கூடு திரும்பிய பின், மாலையில் அடியுங்கள். நாசில் அடைத்தால் வாயால் ஊதாதீர்கள், பழைய டூத்பிரஷ் போதும்.

5. அடித்த பிறகு

காலி பாட்டிலை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரை டேங்கிலேயே ஊற்றுங்கள். இதைக் கடைசி டேங்க் கலக்கும்போதே செய்துவிட வேண்டும். பிறகு பாட்டிலில் ஓட்டை போடுங்கள், யாரும் எண்ணெய் வாங்க எடுத்துப் போகமாட்டார்கள். டேங்கைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கழுவக் கூடாது. களைக்கொல்லிக்குத் தனி டேங்க் வையுங்கள். 2,4-டி துளி மிஞ்சியிருந்தாலும் பருத்தி இலை விரல் விரலாகச் சுருங்கிவிடும்.

தலை சுற்றினாலோ, வாய் நீர் ஊறி வியர்த்தாலோ உடனே நிறுத்துங்கள். உடையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். பாட்டிலை மறக்காமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.