ஒரு கை சிமென்ட்: மாயர் சுண்ணாம்பு வேலை கற்க வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதச் சுண்ணாம்புப் பூச்சுப் பயிற்சியில் ஒரு தம்பி என்னை ஓரமாக அழைத்துப்போய், "அண்ணே, யாருக்கும் தெரியாம ஒரு கை சிமென்ட் போட்டுக்கலாமா? சீக்கிரம் பிடிச்சுக்கும்" என்றான். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவனாவது கேட்டான். பதினைந்து வருஷத்துக்கு முன், பழைய மாயர் நாகரிகம் சுண்ணாம்பில் கோயில் கட்டிய மெக்சிகோவின் யுகட்டானில் நான் கேட்காமலேயே அதைச் செய்தவன்.

சுவரை நனைக்காமல் பூசுவது, உச்சி வெயிலில் பூசுவது, வெறுங்கையால் சுண்ணாம்பைப் பிசைவது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை கை வெந்தால் புத்தி தானாக வரும்.

ரோஸாலிலாவைச் சாட்சிக்கு இழுப்பது

ஹோண்டுராஸில் உள்ள பழைய மாயர் நகரமான கோபானில், 16ஆம் எண் பிரமிடுக்குள் புதைந்திருந்த ரோஸாலிலா கோயிலை 1989இல் ரிக்கார்டோ அகுர்சியா கண்டுபிடித்தார். 6ஆம் நூற்றாண்டுக் கட்டடம். சுதை முகங்கள், மேலே பூசிய சிவப்பு எல்லாம் தங்கியிருந்தன. அந்தப் படத்தைக் காட்டி, "1,400 வருஷம் தாங்கியிருக்கு பாருங்க" என்று வீடு கட்டுகிறவரிடம் விலை பேசுகிறார்கள்.

அது மழையில் நின்று தாங்கிய பூச்சே இல்லை. மாயர்களே அந்தக் கோயிலை இடிக்காமல், வெள்ளைப் பூச்சால் போர்த்தி, சுற்றிலும் நிரப்பிப் புதைத்துவிட்டு மேலே அடுத்ததைக் கட்டினார்கள். வெளியே நின்ற கட்டடங்களுக்கோ திரும்பத் திரும்பப் பூசினார்கள். அகழ்ந்த இடங்களில் பூச்சின்மேல் பூச்சாக அடுக்கைப் பார்க்கலாம். வீட்டுக்காரரிடம் மறுபூச்சுச் செலவையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஒரு கை சிமென்ட்

தொல்லியல் களத்தில் கற்றுக்குட்டியைக் கரணையோடு விடமாட்டார்கள். எனக்குக் கிடைத்தது பழைய பண்ணை வீடு ஒன்றின் பின்சுவர். பொருள் எல்லாம் மாயர் காலத்திலிருந்து வருகிறவைதான்: மெத்தென்ற சுண்ணக்கல், நீற்றிய சுண்ணாம்பு, மணலுக்குப் பதிலாக 'சஸ்கப்' என்று அங்கே சொல்கிற, இற்றுப்போன வெள்ளைச் சுண்ணக்கல் தூள். சொல்லித் தந்தவர் எழுபதைத் தாண்டிய ஊர்க் கொத்தனார்.

ஒருநாள் மதியத்துக்கு மேல் மேகம் திரண்டது. பூச்சு ஈரமாகவே இருந்தது. யாரோ தூண் போட வாங்கி வைத்த சிமென்ட் மூட்டை பக்கத்தில் திறந்து கிடந்தது. பெரியவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து இரண்டு கரண்டி அள்ளிச் சாந்தில் கலந்து, நான்கு இடத்தில் முழ நீளத்துக்கு ஒட்டுப் போட்டேன். மழை அடித்தது, ஒட்டு அசையவில்லை. எனக்கு ஒரே பெருமை. பெரியவர் வந்தார், விரல் கணுவால் தட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

இரண்டு மழைக்காலம் கழித்துப் போனபோது நான்கு ஒட்டும் அப்படியே இருந்தன. சுற்றியிருந்த சுவரைத்தான் காணோம். ஒவ்வொரு ஒட்டைச் சுற்றியும் விரல் நுழைகிற பள்ளம், பள்ளத்தில் பஞ்சு மாதிரி பூத்த உப்பு. கல்லை நகத்தால் கீறினால் மாவாகக் கொட்டியது.

சுவருக்குள் ஈரம் வராமல் இருக்காது. தரையிலிருந்து ஏறும், மழையில் ஊறும். சுண்ணாம்புப் பூச்சு அதைத் தன் வழியாகவே ஆவியாக விட்டுவிடும். சிமென்ட் வழி மறிக்கும். மறித்தால் ஈரம் பக்கத்திலிருக்கிற மெத்தென்ற கல் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். போகும்போது சிமென்ட்டில் கரைகிற உப்பையும் இழுத்துக்கொண்டு போகும். தண்ணீர் எங்கே காய்கிறதோ அங்கே உப்பு படிகமாகி, கல்லின் நுண்துளையை உள்ளிருந்தே நெட்டிப் பிளக்கும். வெயிலுக்கும் குளிருக்கும் சுவர் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். விறைத்த சிமென்ட் கொடுக்காது. இரண்டில் எது வலுக் குறைவோ அதுதான் விரிசல் விடும். வலுக் குறைந்தது எப்போதும் பழசுதான்.

எடுக்கப் போனால் அது அடுத்த கூத்து. உளி வைத்தால் சிமென்ட் தனியாகக் கழலாது, கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டுதான் வரும். ஓர் ஒட்டின் ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்குப் பழைய காவிப் பட்டை ஒன்று இருந்தது. அது என் உள்ளங்கையில் உதிர்ந்தது. மூன்று நாள் கூலியும் புதுக்கல்லும் என் காசு. பெரியவர் அப்போதும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நான் கெடுத்தது நான்கு ஒட்டு. 20ஆம் நூற்றாண்டில் மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ் எங்கும் மாயர் கட்டடங்களைச் சீரமைத்தவர்கள் போர்ட்லண்ட் சிமென்ட்டைத்தான் நம்பினார்கள். அன்றைக்கு அதுதான் நவீனம். இன்றைக்கு அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு வைப்பதே தனி வேலையாகிவிட்டது.

"கொஞ்சம்தானே" என்பார்கள். கொஞ்சம் கலந்தால் சிமென்ட்டின் பலமும் ஒழுங்காக வராது, சுண்ணாம்பின் நெகிழ்வும் போய்விடும். சீக்கிரம் இறுக வேண்டுமென்றால் செங்கல் தூளோ எரிமலைச் சாம்பலோ சேர்க்கலாம். மழைக்குப் பயந்தால் தார்ப்பாய் கட்டுங்கள். கோபானில் மாயர் எழுத்து செதுக்கிய படிக்கட்டுக்கே 1985 முதல் தார்ப்பாய்தான் கூரை. அன்றைக்கு அந்தப் பண்ணை வீட்டுத் தாழ்வாரத்திலும் ஒரு தார்ப்பாய் மடித்துத்தான் கிடந்தது.

ஓவியச் சுவரில் பளபளப்பு ஏற்றுவது

வேண்டாம். 1940களில் மெக்சிகோவின் போனாம்பாக்கில் உள்ள மாயர் சுவர் ஓவியங்களைப் படியெடுக்க வந்தவர்கள், நிறம் தெளிவாகத் தெரியட்டும் என்று சுவரில் மண்ணெண்ணெய் தடவினார்கள்.

சுண்ணாம்பைப் பச்சைப் பிள்ளை ஆக்குவது

"சுண்ணாம்பு விட்ட கரியமில வாயுவைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், அதனால் சுற்றுச்சூழலுக்குப் பாதகமே இல்லை" என்பார்கள். பாதிதான் சரி. 100 கிலோ சுண்ணக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 44 கிலோ கரியமில வாயு. பூச்சு இறுகும்போது திரும்பி வருவது இந்த 44இல் ஒரு பங்குதான், அதுவும் வருஷக்கணக்கில். எரித்த விறகின் புகை இந்தக் கணக்கிலேயே இல்லை. சிமென்ட்டுக்கு 1,450 டிகிரி, சுண்ணாம்புக்குச் சுமார் 900 என்பது லாபம்தான். ஆனால் 900 டிகிரியும் சும்மா வராது.

மாயர்களுக்கே இது தலைவலியாக இருந்திருக்கிறது. குவாத்தமாலாவில் உள்ள மாயர் நகரமான எல் மிரடோரில் தரைக்கும் சுவருக்கும் கனம் கனமாகப் பூசியதற்கு விறகு வெட்டியே காடு போனது என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. யுகட்டானின் பூக் மலைப்பகுதியிலோ வட்டமான குழிச் சூளைகள் நிறைய அகப்பட்டிருக்கின்றன. விறகை மிச்சம் பிடிக்க என்றே அப்படி அமைத்தார்கள் என்று கருதுகிறார்கள். "மாயர் முறை" என்று நீங்கள் சொல்லும்போது இந்த இரண்டில் எதைச் சொல்கிறீர்கள்?

மூட்டையைத் திருப்பிப் படிக்காமல் வாங்குவது

'சுக்கும்' பூச்சு என்று விற்கிறார்கள். சுக்கும் மிளகும் அல்ல, பட்டைச் சாற்றைச் சுண்ணாம்பில் கலக்கிற யுகட்டான் மரம் ஒன்றின் பெயர். இன்றைய கலவைகள் பலவற்றில் வெள்ளைச் சிமென்ட் இருக்கிறது. மேலே உள்ள கதையை மறுபடி படியுங்கள்.

பட்டைக்காகக் கப்பல் தேடுவது

ஸ்பெயினின் கிரானடா பல்கலைக்கழகத்தின் கார்லோஸ் ரோட்ரிகெஸ்-நவாரோவும் அவர் குழுவும் 2023இல் கோபான் பூச்சுத் துண்டுகளை ஆராய்ந்தார்கள். கோபானில் இருக்கிற கொத்தனார்கள் காட்டியபடி சுக்கும், ஹியோத்தே மரப்பட்டைகளின் சாற்றைச் சுண்ணாம்பில் கலந்து பூச்சு செய்து ஒப்பிட்டும் பார்த்தார்கள். சாற்றிலுள்ள பொருள் சுண்ணப் படிகத்துக்குள்ளேயே புகுந்துகொள்கிறது. சிப்பி ஓட்டில் இருப்பதுபோல. அதனால்தான் பூச்சு எளிதில் நொறுங்குவதில்லை, தண்ணீருக்கும் அவ்வளவாகக் கரைவதில்லை.

இதைப் படித்ததும் நம் பிள்ளைகள் செய்கிற முதல் காரியம், யுகட்டானின் மெரிடா நகரத்திலிருந்து பட்டைத்தூள் வரவழைக்க விலை விசாரிப்பது. போன மாதம் ஒரு பெண் எனக்குக் கூரியர் கட்டணத்தோடு பட்டியல் அனுப்பியிருந்தாள். அந்தப் பண்ணை வீட்டில் பெரியவர் ஊறப்போட்ட சுக்கும் பட்டை நீரை முதன்முதலாக முகர்ந்தபோது எனக்கு வந்தது எங்கள் ஊர்க் கடுக்காய் ஊறலின் வாடை. அதே துவர்ப்பு, அதே செம்பழுப்பு. அங்கே அந்தப் பட்டையில் தோல் பதனிட்டார்கள், இங்கே கடுக்காயில். இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். மாதிரிப் பலகையில் பூசி ஒரு மழைக்காலம் பாருங்கள். கடுக்காய் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் என்று அவளுக்குப் பதில் போட்டேன். கொட்டையை எடுத்துவிட்டு ஊறப்போடு என்றும்.